டிரிப்ஸ் ஏற ஏற மூச்சு வாங்கியது ஏன்? உண்ணிக் காய்ச்சலில் இதயத் தசை அழற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்திலிருந்து பலமனேர் போகிற சாலையில் சைனகுண்டா சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு 20 படுக்கை மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மருத்துவரிடம் எது வாயில் வருகிறதோ அது. கீழே எழுதுவது அப்படி வந்த ஓர் இளைஞரைப் பற்றி. அவரும் அவர் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். யார் என்று அடையாளம் தெரியும்படியான விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவக் கணக்குகளை மாற்றவில்லை, நான் செய்த தவறையும் மாற்றவில்லை.

பின்னணி

வயது 23. நோய் நொடி என்று படுத்ததில்லை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எதுவும் கிடையாது. சொந்தமாகக் கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை. கவுண்டின்யா சரணாலயத்துக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி வருவதால் அறுப்பு முடியும்வரை யாராவது ஒருவர் வயலில் இரவுக் காவல் இருக்க வேண்டும். அந்த வருஷம் அது இவர் முறை. காவல் கொட்டகையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சாக்கு, அதன்மேல் படுக்கை. யானை வரும் சத்தம் கேட்டால் புதரோரம் ஓடிப் பட்டாசு வெடிப்பது. நவம்பர் முழுவதும் இதுதான். இந்தக் கொட்டகை விவரம் எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. முதல் நாள் "என்ன வேலை?" என்று கேட்டேன், "விவசாயம்" என்றார், எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருகிறது. இவர் மாடு விடும் விழாக்களில் காளையோடு ஓடுகிறவர். பொங்கலுக்கு இந்தப் பக்கம், பசுவுல பண்டுகைக்கு அந்தப் பக்கம். அதாவது நல்ல ஓட்டக்காரர், மூச்சு வாங்குகிறது என்று லேசில் சொல்கிற ஆள் இல்லை.

ஊரில் ஆறு நாள்

டிசம்பர் முதல் வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. கடும் தலைவலி, உடம்பு வலி, வறட்டு இருமல். ஊர் ஆர்.எம்.பி. டாக்டர் (எம்.பி.பி.எஸ். படிக்காமல் ஊரில் மருத்துவம் பார்ப்பவர்) பாரசிட்டமாலும் தினம் ஒரு வலி ஊசியும் கொடுத்தார், மூன்றாம் நாளிலிருந்து செஃப்ட்ரியாக்சோன் என்கிற செஃபலோஸ்போரின் வகைக் கிருமிக்கொல்லி ஊசி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அந்த இடத்தில் பலரும் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியா கிருமி நம் செல்களுக்கு உள்ளே குடியிருப்பது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எத்தனை நாள் போட்டாலும் அதற்கு உறைக்காது. நாலாம் நாள் ராத்திரி காய்ச்சலோடேயே மறுபடி காவலுக்குப் போயிருக்கிறார், யானையை விரட்ட ஓடியிருக்கிறார். திரும்பி வந்ததும் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று சொன்னாராம். வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களிடம் வந்த மாலை

ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வந்தார். காய்ச்சல் 102.4 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 138, பி.பி. 86/66, மூச்சு 28, ஆக்சிஜன் 94 சதவீதம். கை கால் சில்லென்று இருந்தன. இரண்டு நுரையீரலின் அடியிலும் லேசான கரகரப்பு. கல்லீரல் கொஞ்சம் வீங்கி, தொட்டால் வலி. தட்டணுக்கள் 78,000, வெள்ளணு 11,800, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 37. கல்லீரல் என்சைம்கள் மூன்று மடங்கு. டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ்.

நான் நினைத்தது டெங்கு அதிர்ச்சி நிலை, அதாவது டெங்குவால் ரத்த ஓட்டம் குறைந்து பி.பி. விழுவது. என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் எங்கள் வார்டில் டெங்கு நிறைய. தட்டணு குறைவு, கை சில்லிப்பு, பி.பி.யின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி வெறும் 20. ஆறாம் நாளில் என்.எஸ்.1 நெகட்டிவாக வந்தாலும் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் பொருந்துவது போலத்தான் இருந்தது.

பொருந்தாத மூன்று விஷயங்கள் அதே காகிதத்தில் இருந்தன, நான்தான் பார்க்கவில்லை. டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி வருகிறதென்றால் ரத்தம் கெட்டியாக வேண்டும், ஹீமட்டோகிரிட் ஏற வேண்டும். இவருக்கு 37, வயலில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அது ஏற்றமே இல்லை. இரண்டாவது, டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது வருவது. இவருக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது நாடி. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி சுமாராகப் பத்து கூடும் என்பது மருத்துவ மாணவனுக்குச் சொல்லித் தருகிற கணக்கு. 102.4 என்பது 39 செல்சியஸ் சொச்சம், இரண்டு டிகிரி ஏற்றம். 100, 110 இருந்தால் சரி. 138க்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சொல்லப்போனால் உண்ணிக் காய்ச்சலில் பல நேரம் நாடி காய்ச்சலுக்கு ஏற்ற அளவு ஏறாமல் மெதுவாகவே இருக்கும், டைபாய்டில் போல. அப்படிப்பட்ட நோயில் 138 என்றால் இதயம் தனியாக ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

பி.பி. குறைவு, நாடி அதிகம், உடனே நார்மல் சலைன். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர். பி.பி. 90/68 வந்தது, எனக்கு நிம்மதி. இரண்டாவது லிட்டரைத் தொடங்கச் சொல்லிவிட்டு வெளிநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டேன். இருமலுக்கும் கரகரப்புக்கும் நிமோனியா என்று ஒரு பெயர் வைத்து, செஃப்ட்ரியாக்சோனையே தொடரவும் சொன்னேன்.

இரவு ஒன்பதரை

பணியில் இருந்த செவிலியர் கூப்பிட்டார். "சார், இவரு படுக்கவே மாட்டேங்கறாரு, உக்காந்தே இருக்காரு. நான் டிரிப்ஸை நிறுத்திட்டேன், வந்து பாருங்க." என்னைக் கேட்காமல் நிறுத்தியிருந்தார். இந்த ஆய்வில் எடுத்த முடிவுகளிலேயே சரியான முதல் முடிவு அவருடையது.

போய்ப் பார்த்தால் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு 42, ஆக்சிஜன் 84. இருமலில் நுரை. இரண்டாவது பாட்டிலில் 600 மில்லி போயிருந்தது. காய்ச்சல் 99.2க்கு இறங்கியிருந்தது, ஆனால் நாடி 136. செவிலியரின் தாளில் மணிக்கு மணி எழுதியிருந்தது: காய்ச்சல் 102, 101, 100, 99, நாடி 138, 138, 134, 136. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் அம்மா அதை வேறு மாதிரி சொன்னார். "டாக்டரய்யா, ஜொரம் எறங்கிச்சு, மூச்சு ஏறிச்சே." என் குறிப்பேட்டில் இருந்ததைவிட அந்த ஒரு வாக்கியத்தில் நோய் தெளிவாக இருந்தது.

இ.சி.ஜி.யில் வேகமான சீரான துடிப்பு, மார்பு லீடுகளில் டி அலைகள் தலைகீழ். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் கார்டு பாசிட்டிவ். இதய மருத்துவர் எங்கள் ஊருக்கு வாரம் இரண்டு நாள்தான் வருவார், அன்று அந்த நாள் இல்லை. கர்ப்பிணிகளைப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து நெஞ்சில் வைத்தேன். நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்ததற்கான கோடுகள் சரம்சரமாக. இதயம் சுருங்க வேண்டிய அளவு சுருங்கவில்லை, சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது. எக்கோ நிபுணன் இல்லை நான், ஆனால் அதைப் பார்க்க நிபுணன் தேவையில்லை.

அதாவது இதயத் தசையில் அழற்சி, மையோகார்டைட்டிஸ். பம்ப் பழுதாகிக் கிடக்கும்போது நான் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் என்று வந்தால் டிரிப்ஸ் போடுவது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட மரியாதை மாதிரி. போடாவிட்டால் கவனிக்கவில்லை என்று கோபப்படுவார்கள். ஆனால் அதிர்ச்சி நிலைக்கு நீர் என்கிற பழக்கத்தையே கேள்வி கேட்ட ஆய்வுகள் இருக்கின்றன. 2011இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், வேகமாக நீர் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 7.3. அது குழந்தைகள், வேறு நாடு, வேறு நோய்க் கலவை, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் வார்டில் வைக்க முடியாது. ஆனாலும் டிரிப்ஸ் என்பது தீங்கில்லாத ஒன்று என்ற எண்ணத்தை அது உடைத்தது. அதைப் படித்திருந்தேன். படித்தது அன்று மாலை ஐந்து மணிக்கு நினைவுக்கு வரவில்லை.

கயிற்றுக்குக் கீழே

நிமிர்த்தி உட்காரவைத்து, முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் இயந்திரம் போட்டோம். பி.பி. தாங்க வேண்டும் என்பதால் முதலில் நார்அட்ரினலின் குறைந்த அளவில் ஓடவிட்டு, அப்புறம்தான் நீர் பிரிய ஃப்யூரோசமைடு. சிறுநீர்க் குழாய் போடுவதற்காக ஆயா உடை மாற்றினார். அப்போது அவர்தான் "இங்க ஏதோ சுட்ட மாதிரி இருக்கு பாருங்க" என்றார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, வலது இடுப்பில், பீடி நெருப்பால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, அதனால் அவருக்கே தெரியாது.

உண்ணிக் காய்ச்சல். பெயர்தான் உண்ணி, மாட்டு உண்ணி இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சுப் பருவம், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு. மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வேலூர், சித்தூர் பக்கம் கிடுகிடுவென்று கூடும். குஞ்சு உடம்பில் ஏறினால் துணியோ கயிறோ இறுக்கும் இடம்வரை ஊர்ந்து போய் அங்கே கடிக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு. சட்டையை மட்டும் தூக்கி நெஞ்சைக் கேட்கிற டாக்டர் கண்ணில் இது படவே படாது. நான் அப்படித்தான் கேட்டிருந்தேன்.

இந்தக் கிருமிக்கு உறைக்கிற மருந்துகள் டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும். டாக்ஸிசைக்ளின் ஊசி எங்கள் மருந்தகத்தில் இல்லை. மாத்திரை இருந்தது, ஆனால் முகமூடியைக் கழற்றி விழுங்கவைக்கும் நிலையில் அவர் இல்லை. அஸித்ரோமைசின் ஊசி இருந்தது, அதைப் போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினோம். நானும் கூடப் போனேன். போகும் வழியெல்லாம் மானிட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்.

வேலூரில்: எடுத்த முடிவும் எடுக்காத முடிவும்

அங்கே எக்கோவில், இதயத்தின் இடது கீழ் அறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறுவது 25 சதவீதம். சாதாரணமாக 55க்கு மேல் இருக்க வேண்டும். நான்கு பக்கச் சுவரும் ஒரே மாதிரி மந்தம். 23 வயது, ஒரு குறிப்பிட்ட ரத்தக் குழாயின் பகுதி மட்டும் கெட்டது போல இல்லை, காய்ச்சலுக்குக் காரணமும் கண்முன் இருக்கிறது என்பதால் ஆஞ்சியோ செய்யவில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். எலைசா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக வந்தது. டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டும் நெகட்டிவ்.

முதல் முடிவு, இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்திய இன்ட்ரஸ்ட் ஆய்வு 2023இல் வெளிவந்தது. கடுமையான உண்ணிக் காய்ச்சலோடு வந்த சுமார் 800 பேரில் டாக்ஸிசைக்ளின் ஊசி மட்டும், அஸித்ரோமைசின் ஊசி மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. இறப்பு, ஏழாம் நாளிலும் விலகாத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் தொடரும் காய்ச்சல், இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது இணை மருந்துப் பிரிவில் 33 சதவீதம், தனித்தனிப் பிரிவுகளில் 47, 48. ஒன்று கிருமியின் ரைபோசோமில் சின்ன பாதியைப் பிடிக்கிறது, மற்றது பெரிய பாதியை. புரதம் செய்யும் பட்டறையின் இரண்டு வாசலையும் அடைப்பது போல. நம் ஊர் நோய்க்கு நம் ஊரிலேயே கிடைத்த விடை என்பதால் எனக்கு அந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் இவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. அஸித்ரோமைசின் இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியது, அழற்சியில் இருக்கும் இதயத்தில் அது ஆபத்தான துடிப்புக்கு இடம் கொடுக்கலாம். தினம் இரண்டு முறை இ.சி.ஜி. எடுத்து அளந்து, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சரியாக வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். இடைவெளி நீளவில்லை.

இரண்டாவது, எடுக்காத முடிவு: ஸ்டீராய்டு. நோயாளியின் சித்தப்பா மகன் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார், அவர் தினமும் போனில் என்னைக் கேட்டார், "அண்ணா, அழற்சின்னா ஸ்டீராய்டுதானே?" நியாயமான கேள்விதான். மருத்துவ உலகமே அந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறது. 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், திசுப் பரிசோதனையில் இதயத் தசை அழற்சி உறுதியான 111 பேருக்குச் சிலருக்கு ஸ்டீராய்டோடு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து, சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரு பக்கமும் இதயத்தின் வலு கூடியது, இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ராட்சத செல் வகை என்கிற அரிதான, கொடிய வகையில் நிலைமை வேறு, அங்கே அந்த மருந்துகள் இல்லாமல் முடியாது. அதைக் கண்டுபிடிக்க இதயத்திலிருந்து துளி தசையை எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் அங்கிருந்த குழு ஒரு கோடு போட்டுக்கொண்டது: கிருமி மருந்து தொடங்கி மூன்று நான்கு நாளில் இதயம் திரும்பாவிட்டால், அல்லது இடையில் இதயத் துடிப்பின் மின்பாதை அடைபட்டால், கீழ் அறையிலிருந்து ஓயாத வேகத் துடிப்பு வந்தால், அன்றே திசு எடுப்பது. அந்தத் தேவை வரவில்லை.

இதில் என் தனிப்பட்ட கருத்து ஒன்று. மையோகார்டைட்டிஸ் பற்றிய பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளிலிருந்து வந்தவை, அங்கே காரணம் என்றால் வைரஸ், வைரஸ் போனபின் நோய் எதிர்ப்பே எதிரியாவது. நாமும் அதையே படித்து, இதயத் தசை அழற்சி என்றதும் வைரஸ் என்று எழுதிவிட்டு ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கத் தொடங்குகிறோம். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், தொண்டை அடைப்பான் என்று, காரணத்துக்கே மருந்து உள்ள அழற்சிகள் இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சலில் கிருமி முக்கியமாகத் தாக்குவது நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரை. அழற்சி பெரும்பாலும் தசை நார்களுக்கு இடையில் உட்காருகிறது, நார்கள் அவ்வளவாக அழிவதில்லை. அதனால்தான் மருந்து நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தால் இதயம் இவ்வளவு நன்றாகத் திரும்புகிறது என்று நினைக்கிறேன்.

காய்ச்சல் 36 மணி நேரத்தில் விட்டது. மூன்றாம் நாள் பைபாப் எடுத்தாயிற்று, நான்காம் நாள் பி.பி. மருந்தும் நின்றது. ஐந்தாம் நாள் எக்கோவில் 36 சதவீதம். பதினோராம் நாள் 43 சதவீதத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இனி ஒண்ணும் ஆகாதில்ல?" என்று அம்மா கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்பதில் நாங்களே ஒருமனதாக இல்லை. திடீரென்று கடுமையாக வரும் வகை, முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் நீண்ட காலத்தில் மற்ற வகையைவிட நன்றாக இருக்கும் என்று 2000இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொன்னது, அதில் கடும் வகை நோயாளிகள் வெறும் 15 பேர். பின்னால் வந்த பெரிய பதிவேடுகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. "நல்லா வர்றான், ஆனா ஒரு வருஷம் எங்க கண்ணு முன்னாடி இருக்கணும்" என்று சொன்னோம்.

வீடு திரும்பிய பிறகு

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவரிடம் இருந்தது ஆந்திரத்துக் காப்பீட்டு அட்டை, எங்கள் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இல்லை. வாழைக் குலைகளை முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றுத்தான் பணம் கட்டினார்கள். எல்லைக் கோடு காய்ச்சலுக்குத் தெரிவதில்லை, அட்டைக்கு மட்டும் தெரிகிறது.

இதயத்தின் பளுவைக் குறைக்க எனலாப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் கொடுத்திருந்தார்கள். வலி மாத்திரை கூடாது, சாராயம் கூடாது, ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆறாம் வாரம் எங்களிடம் வந்தபோது 51 சதவீதம். சரியாகப் பொங்கலுக்கு முந்தின வாரம். "ஓட மாட்டேன் சார், கயிறு மட்டும் புடிச்சுக்கறேன்" என்றார். காளையின் கயிற்றைப் பிடித்தவன் ஓடாமல் நிற்க முடியுமா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 1970இல் காக்ஸாக்கி பி3 வைரஸ் ஏற்றிய எலிகளை நீந்தவைத்துப் பார்த்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. சும்மா விட்ட எலிகளைவிட நீந்தவைத்த எலிகளின் இதயம் மிக மோசமாகப் பாதித்தது, அதிகம் செத்தன. மனிதர்களிலும் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணத்துக்கு இந்த அழற்சி ஒரு முக்கியக் காரணம். மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு என்பது நெடுநாள் வழக்கம். சமீப காலமாக ஆளுக்கு ஏற்றபடி பரிசோதித்துக் குறைக்கலாம் என்ற போக்கு வந்திருக்கிறது. நாங்கள் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டோம், ஏனென்றால் அடிக்கடி பரிசோதிக்க அவரிடம் காசு இல்லை.

பொங்கலுக்குச் சும்மா இருந்தார். பிப்ரவரி கடைசியில் பக்கத்து ஊர் விழாவில் இருக்க முடியவில்லை. நூறு அடி ஓடியிருப்பார், நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவராகவே வந்தார், அதற்காக நான் திட்டவில்லை. 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியில் கீழ் அறையிலிருந்து அங்கங்கே தனித் துடிப்புகள், தொடர்ச்சியாக எதுவும் இல்லை. மெட்டோப்ரோலாலைக் கூட்டினோம்.

மூன்று மாதம் முடிந்து எக்கோ 57. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம், எக்கோ சரியாகிவிட்டது, பணம் யார் தருவார்? ஆனால் அந்தப் படபடப்பு வந்த பிறகு எடுத்தே ஆக வேண்டும் என்று இதய மருத்துவர் சொன்னார். அவர் சொன்னது சரி. தசையில் வீக்கம் வடிந்திருந்தது, ஆனால் இடது கீழ் அறையின் பக்கச் சுவரில், வெளி ஓரமாக ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. எக்கோவில் அது தெரியவே தெரியாது. தழும்பு சுவரின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கும் எதிர்காலத்துக்கும் தொடர்பு உண்டு. இதய அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருப்பது மோசம், பக்கச் சுவரில் சிறியதாக இருப்பது அவ்வளவு மோசமில்லை. ஆறாம் மாதம் டிரெட்மில் பரிசோதனையிலும் இரண்டாவது ஹோல்ட்டரிலும் எதுவும் வராததால் வயல் வேலை முழுவதும் செய்யலாம் என்று விட்டோம். காளையோடு ஓடுவதற்கு மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை.

எங்களிடம் மாறியது

காய்ச்சல் தாளில் வெப்பமும் நாடியும் முன்பு வேறு வேறு பக்கத்தில் இருந்தன, இப்போது ஒரே வரைபடத்தில் இரண்டு நிறத்தில். கோடுகள் பிரிந்து போனால் செவிலியரே இ.சி.ஜி. எடுப்பார், என்னைக் கேட்க வேண்டியதில்லை. டிரிப்ஸை நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அதிர்ச்சி நிலைக்கு நீர் கொடுக்கிறோம், அதை விட்டுவிடவில்லை, ஆனால் 250 மில்லி, அப்புறம் மூச்சு எண்ணி நுரையீரல் அடி கேட்டு, தேவையென்றால் இன்னொரு 250.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் திரைக்குப் பின்னால் முழு உடம்பையும் பார்ப்பது. இது சொல்ல எளிது, செய்ய அவ்வளவு எளிதில்லை. பெண்கள் வார்டில் பெண் செவிலியர் பார்க்கிறார், கூட்டம் அதிகமான நாளில் விட்டுப்போகிறது. கயிறு, பாவாடை நாடா, உள்ளாடை விளிம்பு, இந்த மூன்று இடத்தையாவது விடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொருக்கு இல்லாவிட்டாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து நாளைத் தாண்டி வேறு காரணம் தெரியாத காய்ச்சலுக்கு எலைசா முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் தொடங்குகிறோம். ஊசியாகவும் வாங்கி வைத்திருக்கிறோம், காலாவதி ஆனால் ஆகட்டும் என்று.

அந்த ஊர் ஆர்.எம்.பி.யைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை, பொருக்கின் படத்தை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அதன்பின் இரண்டு பேரை மூன்றாம் நாளிலேயே அனுப்பினார், ஒருவருக்கு உண்ணிக் காய்ச்சல், ஒருவருக்கு வெறும் வைரஸ் காய்ச்சல்.

"எங்கே படுக்கிறீர்கள்?" என்பது இப்போது கேள்விப் பட்டியலில் இருக்கிறது. இவருடைய கொட்டகையில் வைக்கோலை எடுத்துவிட்டு ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறார்கள், சுற்றிலும் புல்லை வெட்டியிருக்கிறார்கள். காவல் முறை இந்த வருஷம் அவர் தம்பிக்கு. தம்பிக்குக் கட்டில் பிடிக்கவில்லையாம், யானை வந்தால் இறங்கி ஓட நேரமாகிறது என்று கீழேயே படுக்கிறான் என்று போன முறை மாத்திரை வாங்க வந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார்.